சிலுவையிலிருந்து எழுத்துக்கு: இஸ்லாமிய நாணயத்தின் முதல் அறுபது ஆண்டுகள்



நாணயவியல் பற்றி இந்த மேடையில் பேச்சு நடக்க வேண்டும் என்று விரும்பி நிதி வைத்த பெரியவருக்கு முதலில் என் நன்றி. வரலாறு படிப்பவர்கள் கல்வெட்டுக்குத் தரும் மதிப்பைக் காசுக்குத் தருவதில்லை. கல்வெட்டு நின்ற இடத்தில் நின்று பேசும். காசு ஊர் ஊராகப் போய்ப் பேசும். ஆள்பவர் என்ன சொல்ல விரும்பினார், ஆளப்பட்டவர்கள் எதை நம்பிக் கைநீட்டி வாங்கினார்கள் என்ற இரண்டையும் ஒரே உலோகத் துண்டில் பார்க்க முடியும்.

இன்றைய பேச்சுக்கு மூன்று காசுகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சிறகு வைத்த முடியணிந்த பாரசீகப் பேரரசர் இரண்டாம் குஸ்ரோ. மறுபக்கம் ஜொராஸ்டிரிய சமயத்தின் தீப்பீடம், அதன் இருபுறமும் காவலர் இருவர். பேரரசரின் தோளுக்குக் கீழே விளிம்பில் அரபு எழுத்தில் பிஸ்மில்லாஹ். இரண்டாவது, சிரியாவின் ஹிம்ஸ் நகரத்தில் அடித்த செப்புக் காசு. பைசாந்தியப் பேரரசர் சிலுவை பொருத்திய உருண்டையைக் கையில் ஏந்தியிருக்கிறார். கிரேக்கத்தில் 'காலோன்' என்றும் அரபியில் 'தய்யிப்' என்றும் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் 'நல்லது' என்றே பொருள். மூன்றாவது பொற்காசு. ஹிஜ்ரி 77, அதாவது கி.பி. 696-97இல் அடித்தது. அதில் முகம் இல்லை, முடி இல்லை, சிலுவை இல்லை, தீ இல்லை. இரண்டு பக்கமும் அரபு எழுத்து மட்டுமே.

மூன்றும் முஸ்லிம் கலீபாக்களின் ஆட்சிப்பரப்பில் வெளியானவை. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம்தான். உருவ வழிபாட்டை மறுத்த சமயத்தவரின் ஆட்சியில் சிலுவையும் தீப்பீடமும் எப்படிக் காசில் இருந்தன? இருந்தவை ஏன் போயின? இந்த இரு கேள்விகளுக்கும் விடை தேடுவதே என் நோக்கம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுத்து மட்டும் கொண்ட அந்தப் பொற்காசு ஒரே நாளில் பிறந்த கட்டளை இல்லை. அறுபது ஆண்டுகள் பார்த்துப் பார்த்து, அடித்து அழித்து, தங்களுக்குள் வாதாடிக் கண்டடைந்த வடிவம் அது.

வென்றவர் கைக்கு வந்த இரு பணங்கள்

636இல் யர்மூக் போரில் பைசாந்தியர் சிரியாவை இழந்தார்கள். 642இல் நஹாவந்து போரில் சாசானியப் பேரரசின் முதுகெலும்பு முறிந்தது. கடைசிச் சாசானிய அரசர் மூன்றாம் யஸ்தகிர்த் 651இல் மெர்வ் அருகே கொல்லப்பட்டார். இரண்டு பேரரசுகளின் நிலமும் அரபியர் ஆட்சிக்கு வந்தபோது இரண்டு பண முறைகளும் கூடவே வந்தன.

மேற்கே பைசாந்தியர் பணம் தங்கமும் செம்பும். கான்ஸ்டன்டைன் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 என்ற கணக்கில் வகுத்த 'சாலிடஸ்' பொற்காசு ஏறக்குறைய நாலரை கிராம் எடையில் புழங்கியது. கிழக்கே சாசானியர் பணம் வெள்ளி. சுமார் நான்கு கிராம் எடையில், அகலமாக, மெல்லிய தகடாக அடித்த 'திராக்ம்' அது. இரண்டாம் குஸ்ரோ 590 முதல் 628 வரை ஆண்டவர். அவர் அடித்துத் தள்ளிய வெள்ளிக்காசுகள் ஈரான், இராக் சந்தைகளில் நிறைந்து கிடந்தன.

அரபியர் அக்கசாலைகளை மூடவில்லை. அங்கே வேலை பார்த்த செதுக்கர்களை மாற்றவில்லை. பழைய அச்சு வடிவத்திலேயே காசு வெளிவந்தது. இதைக் கேட்டு வியப்பவர்களுக்கு நம் ஊர்க் காசு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த ஆற்காடு ரூபாயில் இங்கிலாந்து அரசரின் பெயர் இல்லை. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர் பாரசீக எழுத்தில் இருந்தது. அவர் 1759இல் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அதே பெயரில், அவருடைய ஆறாம் ஆட்சியாண்டு என்ற அதே குறிப்போடு, சென்னையில் ரூபாய் அடித்தார்கள். ரூபாயில் எதைப் பார்க்கச் சந்தை பழகியிருந்ததோ அதையே கொடுத்தார்கள். காசில் இருக்கும் முகம் ஆள்பவரின் சமயத்தைச் சொல்வதாக முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், கம்பெனிக்காரர்கள் முகலாயரின் குடிகள் என்று எழுதவேண்டி வரும்.

குஸ்ரோவின் தோளருகே பிஸ்மில்லாஹ்

கிழக்கில் வந்த முதல் மாற்றம் மிகச் சிறியது. குஸ்ரோ உருவத்துக்கு வெளியே, விளிம்பின் கால்வட்டத்தில், அல்லாஹ்வின் பெயரால் என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கூஃபி எழுத்தில் சேர்த்தார்கள். உருவத்தைத் தொடவில்லை. தீப்பீடத்தைத் தொடவில்லை. அக்கசாலையின் பெயரும் ஆண்டும் பழையபடி சாசானியரின் பஹ்லவி எழுத்திலேயே இருந்தன. பீஷாப்பூர், தாராப்கிர்த், கிர்மான், சீஸ்தான் என்று ஊர்ப்பெயர்களைச் சுருக்கி எழுதும் பழக்கமும் தொடர்ந்தது. முஸ்லிம்கள் புதிதாக உருவாக்கிய பஸ்ரா நகரத்தின் பெயரையும் பஹ்லவியில்தான் எழுதினார்கள்.

இந்தக் காசுகளில் உள்ள ஆண்டு ஆய்வாளர்களைப் பலகாலம் திணறடித்தது. யஸ்தகிர்த் அரியணை ஏறிய 632இலிருந்து எண்ணுவது ஒரு முறை. அவர் இறந்த 651இலிருந்து எண்ணுவது இன்னொரு முறை. ஹிஜ்ரி மூன்றாவது முறை. எந்தக் கணக்கு என்று காசு சொல்லாது. 26 என்று மட்டும் இருந்தால் அது ஹிஜ்ரியில் 646-47, யஸ்தகிர்த் ஆண்டில் 657-58, அவர் மறைவுக்குப் பிந்தைய ஆண்டில் 677-78. ஆளுநரின் பெயர், எழுத்தின் நடை, அந்த அக்கசாலையின் வழக்கம் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் வாக்கர் 1941இல் வெளியிட்ட அட்டவணையும், ஹைன்ஸ் கௌபே 1973இல் எழுதிய நூலும் இந்தச் சிக்கலைப் பொறுமையாக அவிழ்த்தன.

சிறிது காலத்தில் குஸ்ரோவின் பெயர் இருந்த இடத்தில் அரபு ஆளுநர்களின் பெயர்கள் வரத் தொடங்கின, அவையும் பஹ்லவி எழுத்தில். ஸியாத் இப்னு அபீ சுஃப்யான், அவர் மகன் உபைதுல்லாஹ் ஆகியோரின் பெயர்களைக் குஸ்ரோவின் முகத்துக்கு முன்னே படிக்கலாம். தாராப்கிர்தில் அடித்த ஒரு காசில் கலீபா முஆவியாவின் பெயரே இருக்கிறது. நம்பிக்கையாளர்களின் தலைவர் என்ற அரபுப் பட்டத்தைப் பஹ்லவியில் மொழிபெயர்த்து எழுதியிருக்கிறார்கள்.

இதே முஆவியாவின் காலத்தில், கலிலேயா ஏரிக்குத் தென்கிழக்கே ஹம்மத் கதர் வெந்நீர்க் குளியலகத்தைப் பழுதுபார்த்து ஒரு கிரேக்கக் கல்வெட்டு வைத்தார்கள். ஆண்டு 662. கலீபாவின் பெயரையும் பட்டத்தையும் கிரேக்க எழுத்தில் தரும் அந்தக் கல்வெட்டு சிலுவைக் குறியுடன் தொடங்குகிறது. ஆகவே காசில் காண்பது தனி விந்தை இல்லை. அன்றைய ஆட்சி கிரேக்கரிடம் கிரேக்கத்திலும் பாரசீகரிடம் பஹ்லவியிலும் பேசியது. எழுதுகிறவர்கள் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள்.

சிரியாவின் செப்புக் காசுகள்

சிரியாவில் நிலைமை வேறு. யர்மூக்குக்குப் பிறகும் சில பத்தாண்டுகளுக்குப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸின் செப்புக்காசுகள் எல்லை கடந்து வந்துகொண்டிருந்தன. போதாத சில்லறைக்கு உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்து அடித்தார்கள். 'இதனால் வெற்றிகொள்' என்று கூறும் கிரேக்க வாசகம் இந்த நகல்களில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் எழுத்துச் சிதைந்தும் கிடக்கிறது. செதுக்கியவருக்குக் கிரேக்கம் தெரியவில்லை, அல்லது படிக்கிறவர் யாருமில்லை என்று அவர் அறிந்திருந்தார்.

பிறகு ஒழுங்கு வருகிறது. ஹிம்ஸ், டமாஸ்கஸ், பஅல்பக், திபேரியாஸ் முதலிய நகரங்கள் தங்கள் பெயரைக் கிரேக்கத்திலும் அரபியிலும் பொறித்துக் காசு அடிக்கின்றன. செல்லும், நல்லது என்று உறுதி கூறும் சொற்கள் சேர்கின்றன. ஜோர்டான் பள்ளத்தாக்கின் பைசானிலும் அதற்குக் கிழக்கே ஜெரஷிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே அடித்த காசுகளில் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினும் அரசி சோஃபியாவும் சேர்ந்து அரியணையில் வீற்றிருக்கிறார்கள். அவர்கள் ஆண்டது 565 முதல் 578 வரை. நூறு ஆண்டு பழைய உருவத்தை ஏன் எடுத்தார்கள்? அந்த வட்டாரத்தில் அந்தப் பழைய காசுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருந்தன என்பதே பொருத்தமான விளக்கம். எந்த அரசர் என்று பார்த்து வாங்கியவர் இல்லை. பழகிய வடிவம் என்று பார்த்து வாங்கினார்கள்.

மக்களின் இந்தப் பிடிவாதத்துக்கு எழுத்துச் சான்றும் உண்டு. மரோனைட் கிறித்தவர்களின் சிரியாக் வரலாற்றேடு ஒன்று, முஆவியா பொன்னிலும் வெள்ளியிலும் காசு அடித்தார், அதில் சிலுவை இல்லாததால் மக்கள் ஏற்கவில்லை என்று குறிக்கிறது. ஆட்சியின் விருப்பத்துக்கும் சந்தையின் பழக்கத்துக்கும் நடந்த இழுபறியில் முதல் சுற்றில் சந்தை வென்றது.

உள்நாட்டுப் போர் காசைப் பேசவைத்தது

680க்குப் பிறகு எல்லாம் மாறுகிறது. மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் தம்மைக் கலீபாவாக அறிவிக்கிறார். இராக்கும் ஈரானின் பெரும்பகுதியும் அவர் பக்கம் நிற்கின்றன. டமாஸ்கஸில் 685இல் அப்துல் மலிக் ஆட்சிக்கு வருகிறார். ஈரானின் தெற்கே காரிஜியர்கள் இரு தரப்பையும் மறுத்துத் தனித் தலைவரைத் தேர்கிறார்கள். மூன்று தரப்பும் முஸ்லிம்கள். மூன்றும் தாமே நேர்வழியில் நிற்பதாக உரைத்தன. அதைத் தங்கள் காசிலும் சொல்லவேண்டிய நிலை வந்தது.

ஹிஜ்ரி 66, கி.பி. 685-86இல் பீஷாப்பூரில், இப்னு ஸுபைர் தரப்பு ஆளுநர் ஒருவர் அடித்த வெள்ளிக்காசின் விளிம்பில் முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்ற வாசகம் வருகிறது. ஆண்டு உறுதியாகத் தெரிந்த காசுகளில் நபிகள் நாயகத்தின் பெயர் இவ்வாறு தோன்றுவது இதுவே முதல் முறை. காரிஜியர் தலைவர் கத்தரீ இப்னுல் ஃபுஜாஆ அடித்த காசுகளில், தீர்ப்பளிக்கும் உரிமை அல்லாஹ்வுக்கே என்ற அவர்களுடைய முழக்கம் அரபியில் இருக்கிறது. அருகிலேயே குஸ்ரோவின் முகம். முகத்தின் முன்னே கத்தரீயின் பெயர் பஹ்லவியில். மார்க்கத்தில் மிகக் கடுமையான போக்குக் கொண்டிருந்தவர்கள் என்று அறியப்பட்ட கூட்டமும் அந்த உருவத்தைக் காசிலிருந்து எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்று யாருக்கும் அந்த முகம் ஒரு சமயச் சிக்கலாகத் தோன்றவில்லை.

இவற்றில் என்னை ஆழமாகத் தொட்ட காசு சீஸ்தானில் ஹிஜ்ரி 72இல் அடித்தது. முன்பக்கம் வழக்கம்போல் குஸ்ரோ. பின்பக்கம் தீப்பீடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கலிமாவைப் பொறித்திருக்கிறார்கள், பஹ்லவி மொழியில். அரபு அறியாத பாரசீகருக்கு அவர்கள் மொழியில் இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியைச் சொல்லும் முயற்சி. இறைவனுக்குப் பாரசீகர் வழங்கிய பழைய சொல்லையே அதில் எடுத்தாண்டிருக்கிறார்கள். இந்த வழி தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் இஸ்லாமிய நாணயம் பல மொழிகளில் பேசும் நாணயமாக வளர்ந்திருக்கக் கூடும்.

நிற்கும் கலீபாவும் மாறிய சிலுவையும்

691இல் அப்துல் மலிக் இராக்கை மீட்டார். மறுஆண்டு அவருடைய தளபதி ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் மக்காவை முற்றுகையிட்டு வென்றார். இப்னு ஸுபைர் கொல்லப்பட்டார். ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தில் ஹிஜ்ரி 72 என்ற ஆண்டைத் தாங்கிய நீண்ட மொசைக் கல்வெட்டு இதே காலத்தது. போர் முடிந்ததும் அடுத்த ஐந்தாண்டுகளில் காசில் நடந்த சோதனைகள் வியப்பூட்டுபவை.

முதலில் பொன். பேரரசர் ஹெராக்ளியஸும் மகன்கள் இருவரும் நிற்கும் சாலிடஸை அப்படியே எடுத்து, முடிகளிலும் உருண்டைகளிலும் இருந்த சிலுவைகளை நீக்கினார்கள். பின்பக்கம் படிகளின் மேல் நின்ற சிலுவையின் குறுக்குக்கட்டையை எடுத்தார்கள். வெறும் தூண் மிஞ்சியது. பிறகு அதைச் சுற்றி இருந்த லத்தீன் எழுத்தை எடுத்துவிட்டு அரபியில் கலிமாவைப் பொறித்தார்கள். அந்தத் தூண் எதைக் குறிக்கிறது? செங்கோல், கைத்தடி, உலகின் அச்சு என்று அறிஞர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். சிலுவை அல்லாத ஒன்று அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

அடுத்து வந்தது நிற்கும் கலீபாக் காசு. பேரரசர்கள் மூவரும் போய், தனி மனிதர் ஒருவர் நிற்கிறார். நீண்ட தலைமயிர், தாடி, தரையைத் தொடும் அங்கி, உறையில் இட்ட வாளின் பிடியில் கை. ஹிஜ்ரி 74 முதல் 77 வரை ஆண்டிட்ட பொற்காசுகள் இந்த வடிவில் கிடைக்கின்றன. ஹலப், ஹிம்ஸ், அம்மான் முதலிய நகரங்கள் செம்பிலும் அடித்தன. சில காசுகளில் அப்துல் மலிக்கின் பெயரும் அல்லாஹ்வின் கலீபா என்ற பட்டமும் உண்டு.

ஜெருசலேமில் அடித்த செப்புக்காசுகளில் கலீபாவின் பெயருக்குப் பதில் முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்து அந்த உருவம் நபிகளைக் குறிக்குமோ என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதே வாள், அதே அங்கி, அதே நிலை மற்ற நகரங்களில் அப்துல் மலிக்கின் பெயரோடு வருகிறது. ஒரே ஆட்சியின் ஒரே வரிசையில் உருவம் ஒன்றாக இருக்க, ஆள் மட்டும் நகரத்துக்கு நகரம் மாறுவார் என்று கொள்ள இடமில்லை. கலிமா காசின் வாசகம், அது உருவத்தின் பெயர்ப்பலகை ஆகாது.

இதே ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் தம் பொற்காசில் முதன்முறையாக இயேசுவின் முகத்தைப் பொறித்தார். தம்மை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு கிறிஸ்துவின் ஊழியர் என்று எழுதிக்கொண்டார். யாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. இரண்டு பேரரசுகளும் நாணயத்தை வைத்தே இறையியல் பேசின என்பதில் ஐயமில்லை.

வெள்ளியிலும் சோதனை நடந்தது. இராக்கின் ஆளுநரும் கலீபாவின் சகோதரருமான பிஷ்ர் இப்னு மர்வான் ஹிஜ்ரி 73 முதல் 75 வரை அடித்த சில காசுகளில், தீப்பீடத்தின் இடத்தில் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் ஒருவர் வருகிறார். இன்னொரு வகையில் ஒரு வளைவு, அதனுள் நிறுத்திய ஈட்டி. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஜார்ஜ் மைல்ஸ் 1952இல் இதைப் பள்ளிவாசலில் தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் மாடம் என்றும் நபிகளின் ஈட்டி என்றும் விளக்கினார். அது மிஹ்ராபாக இருக்க முடியாது, உருவங்களைச் சூழ்ந்து நிற்கும் பழைய வளைவு வடிவம்தான் என்று லூக் டிரெட்வெல் பின்னாளில் மறுத்தார். நான் டிரெட்வெல்லின் பக்கம். நாம் அறிந்த பிற்காலப் பள்ளிவாசலை முன்காலக் காசுக்குள் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

ஹிஜ்ரி 77

ஹிஜ்ரி 77இல் நிற்கும் கலீபாவோடு அடித்த தீனார் என்ற பொற்காசும் உண்டு. அதே ஆண்டில் உருவமே இல்லாத தீனாரும் உண்டு. ஓராண்டுக்குள் முடிவு எடுத்துவிட்டார்கள். புதிய தீனாரின் நடுவில், அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவர் இல்லை, அவனுக்கு இணையில்லை என்ற உறுதிமொழி. சுற்றிலும் தூதர் நேர்வழியுடன் அனுப்பப்பட்டதைக் கூறும் குர்ஆன் 9:33 வசனத்தின் பகுதி. மறுபக்க நடுவில் 112ஆம் அத்தியாயமான இக்லாஸிலிருந்து இறைவன் ஒருவன், பெற்றவனுமில்லை பெறப்பட்டவனுமில்லை என்ற கருத்து. விளிம்பில் ஆண்டு. இயேசுவின் முகத்தைக் காசில் வைத்த பேரரசருக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. பாறைக் குவிமாடத்தின் கல்வெட்டும் இதே கருத்துகளை ஓதுகிறது.

எடையும் மாறியது. பைசாந்தியக் காசைவிடச் சற்றுக் குறைவாக 4.25 கிராம். ஹிஜ்ரி 79 முதல் வெள்ளித் திர்ஹமும் இதே முறைக்கு வந்தது. எடை ஏறக்குறைய 2.9 கிராம், தீனாரின் பத்தில் ஏழு பங்கு. தீனாரில் அக்கசாலையின் பெயர் இல்லை. திர்ஹமில் ஊரும் ஆண்டும் தெளிவாக இருக்கும். இரண்டிலும் கலீபாவின் பெயர் கிடையாது. இதை நான் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். தம் உருவத்தையே காசில் நிறுத்திப் பார்த்த அப்துல் மலிக், கடைசியில் தம் பெயரையும் எடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரீ இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். எகிப்திலிருந்து பைசாந்தியத்துக்குப் போன பாப்பிரஸ் சுருள்களின் தலைப்பில் கலீபா இஸ்லாமிய வாசகம் எழுதவைத்தாராம். சினங்கொண்ட பேரரசர், பொற்காசில் நபிகளைப் பழித்து எழுதுவேன் என்று மிரட்டினாராம். இளவரசர் காலித் இப்னு யஸீத் சொந்தக் காசு அடிக்கும்படி யோசனை சொன்னாராம். கதை அழகானது. ஆனால் கையில் உள்ள காசுகள் அதைவிட நீண்ட கதையைச் சொல்கின்றன. 66, 72, 74, 75, 77 என்று படிப்படியாக மாற்றம் தெரியும்போது, ஒரு சண்டையும் ஒரு யோசனையும் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எல்லைப்புறங்களில்

சீர்திருத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே வேகத்தில் போகவில்லை. வட ஆப்பிரிக்காவில் ஒரே இறைவன், இணையில்லை என்ற உறுதிமொழியை லத்தீன் மொழியில் சுருக்கி எழுதிப் பொற்காசு அடித்தார்கள். 711இல் ஸ்பெயினுக்குள் நுழைந்தபோது அங்கும் லத்தீன் காசு, நடுவில் ஒரு விண்மீன். ஹிஜ்ரி 98, கி.பி. 716-17இல் ஒரு பக்கம் லத்தீனும் ஒரு பக்கம் அரபியுமாக வந்த தீனாரில்தான் அல் அந்தலுஸ் என்ற நாட்டுப்பெயர் முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறது.

காஸ்பியன் கடலோரத் தபரிஸ்தானில் அப்பாசிய ஆளுநர்கள்கூடக் குஸ்ரோ உருவத்தோடு அரைத் திராக்ம் காசுகளை அடித்தார்கள். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுலைமான் என்ற ஆளுநர் அந்த முகத்தை மட்டும் அழித்து, அங்கே ஒரு சாய்சதுரம் வரைந்து, நல்லது என்று பொருள்படும் அரபுச் சொல்லை எழுதினார். முடியும் சிறகும் அப்படியே இருக்க முகத்தின் இடத்தில் எழுத்து. முகத்தை ஒதுக்கினாலும் காசின் பழகிய வடிவத்தைக் கைவிட அவராலும் முடியவில்லை.

இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு அரசர் ஓஃபா, கலீபா மன்சூரின் ஹிஜ்ரி 157 தீனாரைப் பார்த்துப் பொற்காசு அடித்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் காசில் அரபுக் கலிமாவுக்கு நடுவே ஓஃபா அரசர் என்ற லத்தீன் எழுத்து, அரபு நேராக இருக்கும்போது தலைகீழாக நிற்கிறது. கிறித்தவ அரசரின் காசில் கலிமா. நூறாண்டுக்கு முன் கலீபாக்களின் காசில் சிலுவை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உலகம் நம்பிய காசின் தோற்றத்தை நகலெடுத்தார்கள்.

எப்படி வாசிக்க வேண்டும்

இந்தக் காசுகளைத் தவறாக வாசிப்பவர்கள் இரு திசையிலும் இருக்கிறார்கள். சிலுவையைக் கண்டதும், அன்று இஸ்லாம் என்ற சமயமே உருவாகவில்லை, நபிகளின் பெயர் பின்னால் புனைந்தது என்று எழுதுகிறார்கள் சிலர். ஹிஜ்ரி 66க்கு முன் காசில் அவர் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் 660களில் எழுதப்பட்ட, செபியோஸின் பெயரால் வழங்கும் ஆர்மீனிய வரலாறு முஹம்மது என்ற பெயரையும் அவர் போதனையையும் குறிப்பிடுகிறது. ஹிஜ்ரி 22, கி.பி. 643 என்று ஆண்டிட்ட எகிப்துப் பாப்பிரஸ் ஒன்று பிஸ்மில்லாஹ்வோடு தொடங்குகிறது. படைக்கு ஆடுகள் பெற்றதற்கான சாதாரண ரசீது அது. ஒரு காசின் மௌனத்தை ஒரு சமயத்தின் இன்மையாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

மறுதிசையில், இவை முஸ்லிம்கள் அடித்த காசுகளாக இருக்கவே முடியாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள் வேறு சிலர். அதுவும் சான்றைக் கண்டு அஞ்சுவதுதான். சீர்திருத்தத்துக்குப் பின்னும் ஹிம்ஸில் பாலைவன எலி உருவத்தோடு செப்புக்காசு அடித்திருக்கிறார்கள். கலிமாவும் ஐந்து கிளை விளக்குத்தண்டும் சேர்ந்த காசு உண்டு. யூதரின் ஏழு கிளை விளக்கை நினைவூட்டும் வடிவம் அது. அந்தத் தலைமுறையினர் இவற்றையெல்லாம் அஞ்சாமல் கையாண்டார்கள். தங்கள் நம்பிக்கையில் அவர்களுக்கு இருந்த உறுதியையே நான் இதில் காண்கிறேன். அண்டை வீட்டாரின் சின்னத்தைக் கண்டு அவர்கள் பதறவில்லை. தங்களுக்கென்று ஒரு சின்னம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தபோது எழுத்தைத் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வு அடுத்த பல நூற்றாண்டுகளுக்கு இஸ்லாமிய உலகின் நாணயத்தை வடிவமைத்தது. நம் டில்லி சுல்தான்களின் காசும் முகலாயரின் ரூபாயும் அந்த மரபின் கிளைகள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

பிஸ்மில்லாஹ்வும் பஹ்லவியும் ஒரே காசில் இருக்கும்போது, அரபு மட்டும் படித்தவர் பாதியைத்தான் படிப்பார். பஹ்லவி மட்டும் படித்தவருக்கு மறுபாதி விட்டுப்போகும். பல எழுத்துகள் கற்ற சிலரால்தான் இந்த வரலாறு நமக்குக் கிடைத்தது. நம் ஊர்க் காசுகளுக்கும் அதே நிலைதான். தமிழி, கிரந்தம், நாகரி, பாரசீகம், ரோமன் என்று பல எழுத்துகள் தமிழ் மண்ணின் காசுகளில் உண்டு. உங்களில் ஒவ்வொருவரும் தாய்மொழிக்கு அப்பால் ஒரு பழைய எழுத்தையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

பொதுமக்களுக்கும் ஒன்று. வயலிலோ வீட்டு அடித்தளத்திலோ பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்துப் போய்விடும். பொற்கொல்லரிடம் கொண்டுபோய் உருக்காதீர்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று எழுதி வையுங்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை. தனியாகக் கிடைத்த காசைவிட, கிடைத்த இடம் தெரிந்த காசு பலமடங்கு பேசும். அதைப் பேசவிடுங்கள்.